மகனுக்குக் காய்ச்சல் என்று சொன்ன நாட்கள்

எனக்கு எழுபத்துமூன்று வயதாகிறது. பெற்றது நான்கு, தங்கை விட்டுப்போனது இரண்டு, ஆக ஆறு பேரை வளர்த்து ஆளாக்கினேன். மில் வேலைக்குப் போய், ஒருவரிடமும் கை நீட்டாமல் வளர்த்தேன். அதில் ஐந்து பேரைப் பற்றிக் கேட்டால் நாளெல்லாம் சொல்வேன். கடைசி மகனைப் பற்றி மட்டும் வாய் திறக்க மாட்டேன். அவன் குடித்தான்.

பீளமேட்டில் ஒரு லேத் பட்டறையில் அவனுக்கு வேலை. குடித்த மறுநாள் அவனால் எழ முடியாது. பட்டறைக்கு நான்தான் போன் போடுவேன்.

"தம்பிக்குக் காய்ச்சலுங்க. நாளைக்கு வந்துருவானுங்க."

மருமகள் அடுப்படியிலிருந்து கேட்பாள்: "ஏனுங்கத்தை, இந்த மாசத்துல இது எத்தனாவது காய்ச்சலுங்க?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். மகனுடைய மானத்தைக் காப்பாற்றுவதாகத்தான் நான் நினைத்திருந்தேன்.

ஒருமுறை ரத்தமாக வாந்தி எடுத்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். அங்கே ஒரு நர்ஸம்மா, குடியை விட்டவர்கள் சாயங்காலம் கூடுகிற இடம் ஒன்று இருக்கிறது என்று மாத்திரைக் கவரின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார். நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். சர்ச்சுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடம் என்று இருந்தது. மதம் மாற்றிவிடுவார்களோ என்று நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு மகனைக் கூட்டிப்போனேன். அங்கே என்னைவிடப் பெரிய பட்டை போட்ட ஒருவர் வகுப்பறை பெஞ்சுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். குடியை விட்டுப் பதினைந்து வருஷமாம். "வாங்கம்மா, வாங்க தம்பி, டீ குடிங்க" என்று கல்யாண வீட்டுக்காரர் போல அழைத்தார்.

ஒவ்வொருவராக எழுந்து தன் கதையைச் சொன்னார்கள். ஆட்டோ ஓட்டுகிற ஒருவர் சொன்னார்: "இனிக் குடிக்க மாட்டேன்னு நான் சத்தியம் பண்ணாத கோயிலே கிடையாதுங்க. கடைசில சாமியே, 'நீ முதல்ல ஊட்டுக்குப் போ ராசா'ங்கற அளவுக்கு வந்துபோச்சு."

அறையே சிரித்தது. என் மகனும் சிரித்தான். அவன் முகத்தில் சிரிப்பைப் பார்த்து ஒரு வருஷம் இருக்கும்.

அவன் முறை வந்ததும் தலையைக் குனிந்துகொண்டான். எனக்குப் பொறுக்கவில்லை. நான் எழுந்துவிட்டேன்.

"தங்கமான பையனுங்க. சேர்ந்த கூட்டாளிகதான் சரியில்லீங்க."

பட்டைக்காரர் மெதுவாகக் கேட்டார்: "தம்பிக்கு வயசு எத்தனைங்கம்மா?"

"நாப்பத்திரெண்டுங்க."

"அப்ப அவரே சொல்லட்டுங்களே. இன்னிக்கு முடியலைன்னா சும்மா உக்காந்திருக்கட்டும். குடிக்கறவங்களோட ஊட்டாளுகளுக்குப் பக்கத்து ரூம்ல தனியாக் கூட்டம் நடக்குதுங்க. நீங்க அங்க போங்க."

முகம் சுண்டிப்போய் அங்கே போய் உட்கார்ந்தேன். டீச்சர் வேலை பார்க்கும் ஒரு அம்மணி பேசிக்கொண்டிருந்தாள். "ஊட்டுக்காரருக்கு லீவு கேக்கறதுக்காக எங்க மாமனாரை மூணு தடவை சாகடிச்சேனுங்க. அவரு இன்னும் கல்லாட்டம் இருக்காரு." எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் காய்ச்சல்கள்தான் ஞாபகத்துக்கு வந்தன. 

இரண்டு பேரும் கூட்டத்துக்குத் தவறாமல் போய்வந்தோம். நான்கு மாதம் மகன் குடியைத் தொடவில்லை. பிறகு சொந்தத்தில் ஒரு காதுகுத்து விருந்து. அங்கே குடித்துவிட்டான். மறுநாள் திங்கட்கிழமை எழவில்லை. இன்னொரு நாள் சொல்லாமல் நின்றால் கணக்கை முடித்து அனுப்பிவிடுவேன் என்று முதலாளி ஏற்கெனவே சொல்லியிருந்தார். போன் அடித்தது. எடுத்தேன். காய்ச்சல் என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. மருமகள் என்னையே பார்த்தபடி நின்றாள்.

போனைக் கொண்டுபோய் அவன் கையில் வைத்தேன். "சாமி, முதலாளி பேசறாரு. நீயே சொல்லு."

படுத்தபடியே வாங்கினான். "ஐயா... நேத்துக் குடிச்சுப்போட்டேனுங்க. அதான் எந்திரிக்க முடியலைங்க. இன்னிக்குச் சாயங்காலம் மீட்டிங் போறேனுங்க. நாளைக்கு வேலைக்கு வாரேனுங்க."

 நானும் காதைக் கிட்டே கொண்டுபோனேன். பிறகு, "செரி, வா" என்று கேட்டது.

சாயங்காலம் பள்ளிக்கூடத்தில், வீட்டாட்கள் கூடுகிற பக்கத்து அறையில் நான் இருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் என் மகன் குரல். "நான் ஒரு குடிநோயாளிங்க. நாலு மாசம் இருந்தேன், போச்சு. இன்னிக்குத்தான் முதல் நாள்." உடனே கைதட்டல், ஓடு பறந்துவிடும் போல. பதினைந்து வருஷக்காரருக்குக்கூட அப்படித் தட்டி நான் கேட்டதில்லை. விழுந்தவன் தன் காலால் நடந்து திரும்பி வந்ததற்கு அவ்வளவு மரியாதை கொடுக்கிறவர்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஆறு பேருக்குக் கல்யாணம் செய்து வைத்தவள் நான். அன்றைக்குப் பட்ட பெருமையை அந்தப் பந்தல்களில்கூடப் படவில்லை. அப்புறம்தான் எனக்கும் வாய் வந்தது. "இத்தனை வருசமாப் பொய்க் காய்ச்சல் சொன்னவ நானுங்க" என்று ஆரம்பித்தேன்.

அந்தத் திங்கட்கிழமையிலிருந்து இன்றுவரை அவன் குடிக்கவில்லை. நாளையைப் பற்றி அவனும் பேசுவதில்லை, நானும் கேட்பதில்லை. புதிதாக வருகிற அம்மாக்களுக்கு உதவும், எழுதிக் கொடுங்கள் என்று பட்டைக்காரர் கேட்டதால் ஒரு வாரமாக உட்கார்ந்து நான் சொல்லச் சொல்ல, என் பேத்தி இதை எழுதினாள்.

கண்ணு, எழுதுனதை முதல்லயிருந்து படி. சத்தமாப் படி. உங்கப்பன் உள்ள சாப்பிட்டுட்டு இருக்கான், அவனுக்கும் கேக்கட்டும். எதை வெச்சுக்கறது, எதை அடிக்கறதுன்னு அவனே சொல்லட்டும்.