அமெரிக்கா போன வாசற்படி

வாசற்படியைத்தான் முதலில் சொல்ல வேண்டும். பாரிஸின் லா ஷப்பேலில், ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் இருந்த மாமியின் மரக்கறிக் கடைக்குள் யார் நுழைந்தாலும் அந்தப் படியைத் தாண்டித்தான் வர வேண்டும், மிதிக்கக் கூடாது. நீலமும் வெள்ளையுமாகச் சின்னச் சின்னக் கற்கள் பதித்த பழைய படி அது. நடுவில் ஜெர்மன் சாயலில் ஒரு குடும்பப் பெயரும் அதன் கீழே பேக்கரி என்று பிரெஞ்சிலும் பதித்திருக்கும். வெள்ளிக்கிழமைகளில் மாமி கடை திறந்ததும் அதைக் கழுவி, அந்தப் பெயருக்கு மேலேயே மஞ்சள் பூசி, மூன்று குங்குமப் பொட்டு வைப்பார். கவனமில்லாமல் யாராவது காலை வைத்துவிட்டால் கல்லாப் பக்கமிருந்து குரல் வரும். "கண் எங்கை கிடக்கு? தாண்டி வாருமன்." பொலிஸ்காரன் ஒருவன்கூட அந்தக் குரலுக்குப் பயந்து காலைத் தூக்கி வைத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

மாமி எனக்கு உறவு இல்லை. லா ஷப்பேலில் அவரை எல்லோரும் மாமி என்றுதான் சொல்வார்கள், நானும் சொன்னேன். எனக்கு அவரைப் பிடிக்காது. வேலை செய்த காலத்தில் பிடிக்கவில்லை, இப்போதும் பிடிக்கவில்லை. முற்றின வெண்டிக்காயைப் பையின் அடியில் போட்டு மேலே பிஞ்சை வைக்கச் சொல்வார். வாடிக்கைக்காரர் கேட்டால் "உவளுக்குப் பாத்துப் போடத் தெரியாது" என்று என்னைக் காட்டுவார். என் மூத்தவள் வயிற்றில் இருந்த மாதங்களில் கடையில் ஒரு கதிரை இருந்தது. அதில் கறிவேப்பிலைப் பெட்டி இருந்ததே தவிர நான் இருந்ததில்லை. செத்த பிறகு எல்லோரையும் நல்லவராக்கி எழுதுவது நம்மவர்களின் வழக்கம். மாமி இன்னும் சாகவில்லை, அதனால் எனக்கு அந்தத் தொல்லை இல்லை.

அந்தப் படி கடைக்கு எப்படி வந்தது என்பதை மாமியே ஒருநாள், பலாக்கொட்டை உரித்துக்கொண்டு, எனக்குச் சொன்னார். மாமியும் புருஷனும் கடையைக் குத்தகைக்கு எடுத்தபோது வாசலில் கிடந்த படி குறுக்காகப் பிளந்திருந்ததாம். பிளந்த படியில் விளக்கேற்றிப் பால் காய்ச்ச மாட்டேன் என்று மாமி பிடிவாதம் பிடித்தார். கட்டடத்தின் சொந்தக்காரன் நேரில் வந்து பாராமலே மாற்றித் தர மறுத்துவிட்டான். மாமியின் புருஷன், நான் வேலைக்குச் சேர முதலே காலமாகிவிட்டவர், பாரிஸுக்கு வெளியே ஒபர்வில்லியேயில் இடித்த கட்டடங்களின் சாமான் விற்கிற ஒரு முற்றத்தில் தேடி, வாசலின் அகலத்துக்குச் சரியாக இருந்த இந்தப் படியை வாங்கி வந்தார். அதில் எவனுடைய பெயர் இருக்கிறது என்பது இரண்டு பேருக்கும் ஒரு பொருட்டே இல்லை. "பேர் கிடந்திட்டுப் போகட்டும், கல்லுப் பிளக்கேல்லைத்தானே" என்று அவர் சொன்னாராம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல நேரம் பார்த்து, ஊரில் நிலை வைக்கிறபோது செய்வதைப் போலவே, படிக்குக் கீழே ஒரு வெள்ளிக் குங்குமச் சிமிழை வைத்துப் பூசினார்கள். சிமிழுக்குள் கொஞ்சம் நெல்லும், மாமியின் தாலிக்கொடியிலிருந்து கழற்றிய ஒரு பவுண் குண்டும் இருந்தன. கட்டடக்காரனுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவனைக் கேட்காமல் ஆணி அடித்தாலே குத்தகையை முறிக்கலாம் என்று பத்திரத்தில் இருந்தது. அவனும் எப்போது சாட்டுக் கிடைக்கும், இவர்களைக் கிளப்பிவிட்டுக் கோப்பிக் கடை ஒன்றைக் கொண்டுவரலாம் என்று பார்த்துக்கொண்டுதான் இருந்தான். கதையைச் சொல்லி முடித்த மாமி, கத்தியை என் பக்கம் நீட்டி, "வாயைத் திறந்தியோ, கடை போச்சு" என்றார்.

இதற்குப் பிறகு ஒரு கோடையில்தான் அமெரிக்கக்காரி வந்தாள். தன் ஊரின் வரலாற்றுச் சங்கத்துக்குத் தலைவி என்று அறிமுகப்படுத்திக்கொண்டாள். அவளுடைய பூட்டன் அல்சாஸிலிருந்து பிழைப்புத் தேடிப் பாரிஸுக்கு வந்து, லா ஷப்பேலில் ஒரு பேக்கரி வைத்திருந்துவிட்டு, பிறகு கப்பலேறி அமெரிக்கா போனாராம். அங்கே அவர் கட்டிய, பாண் சுடுகிற போறணை அடுப்பைச் சுற்றித்தான் அவர்களுடைய ஊரே வளர்ந்ததாம். அவருக்கு ஒரு சிலை, ஒரு தெரு, வருடத்துக்கு ஒரு திருவிழா. ஊர்ச் சனம் பழங்காலத்து உடுப்புப் போட்டுக்கொண்டு அவருடைய பாணைச் சாப்பிடுமாம். எங்கள் படியின் படத்தை யாரோ இணையத்தில் போட்டிருக்கிறார்கள். பெயரும் சரி, தொழிலும் சரி, இடமும் சரி. வேறு என்ன வேண்டும்? நடைபாதையில் முழங்காலில் இருந்து அழுதாள். மாமி தராசுக்குப் பின்னாலிருந்து "என்னவாம்?" என்றார். நான் எனக்குத் தெரிந்த இங்கிலிஷில் கேட்டுச் சொன்னேன். மாமி அடுத்த ஆளுக்கு நிறுக்கத் தொடங்கினார்.

அன்று முழுக்க அவள் எங்கள் வாசலில் நின்று படம் பிடித்தாள். சனம் வருகிறது, ஒவ்வொருவராகக் காலைத் தூக்கிப் படியைத் தாண்டுகிறது. கைப்பிள்ளைக்காரி தாண்டுகிறாள், பொல்லு ஊன்றின கிழவரும் தாண்டுகிறார். அமெரிக்கக்காரிக்கு மெய் சிலிர்த்துப் போயிற்று. கமராவைப் பார்த்து அவள் பேசியதைப் பக்கத்தில் நின்று கேட்டேன். எங்கிருந்தோ வந்த இந்தப் புதிய மனிதர்கள் என் பூட்டனின் பெயரை மிதிப்பதுகூட இல்லை, மஞ்சளும் குங்குமமும் வைத்துக் கும்பிடுகிறார்கள் என்றாள். மாமிக்கு அதைச் சொன்னேன். "விசர்" என்றார், அவ்வளவுதான்.

அவள் எடுத்த படங்களில் எங்கள் பெயர்ப்பலகை வராது. அதை வெட்டித்தான் எடுப்பாள். தெரு எவ்வளவு மாறிப்போய்விட்டது என்று திரும்பத் திரும்பச் சொல்வாள், அவளே நூறு வருடமாக இங்கே குடியிருந்தவள் போல. எங்கள் ஆட்கள் நாலைந்து பேர் வேலைக்குக் கூப்பிடுவார்களா என்று மெத்ரோ வாசலில் நிற்பார்கள். வன்னியிலிருந்து வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும். அவர்களைக் கடக்கும்போது கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொள்வாள். தன் ஊரிலும் இப்போது இதே தொல்லைதான், பேப்பர் இல்லாமல் வந்து இறங்குகிறார்கள், சங்கத்தில் எல்லோருமாகச் சேர்ந்து எதிர்த்துக் கையெழுத்து வைத்திருக்கிறோம் என்று என்னிடமே சொன்னாள். என்னை அவள் எந்தப் பக்கத்தில் சேர்த்திருந்தாள் என்று எனக்குத் தெரியாது. தன்னுடைய ஆள் ஏறிப் போன கப்பலுக்கு அழுகிறவளுக்கு, கண்ணுக்கு முன்னால் நிற்கிறவன் மனிதனாகத் தெரியவில்லை. அன்றைக்கு அவளை வெறுத்தேன். அந்த வெறுப்பைக் குறைத்துக்கொள்ள எனக்கு இன்றுவரை காரணம் கிடைக்கவில்லை.

அடுத்த வருடம் அவள் கட்டடக்காரனின் ஆளோடு வந்தாள். ஊரில் அருங்காட்சியகம் கட்டி முடித்துவிட்டார்களாம், அதன் நடுவில் வைக்கப் படி வேண்டுமாம். கட்டடக்காரன் சந்தோஷமாகக் கொடுத்துவிட்டான். கட்டடம் அவனுடையது, அதனால் படியும் அவனுடையதுதான் என்று அவன் ஆள் விளக்கினான். நாங்கள் செய்ய வேண்டியது ஒரு காலை கடையைத் திறக்காமல் இருப்பது மட்டும். அவர்கள் போனதும் எனக்குப் பொறுமை போய்விட்டது.

"சொல்லுங்கோவன் மாமி. ஒபர்வில்லியேயிலை வாங்கினது எண்டு ஒரு சொல்லுச் சொன்னால் அவள் திரும்பியும் பாராள்."

"சொன்னால் கட்டடக்காரன் என்ன கேப்பான்? ஆரைக் கேட்டுப் படியை மாத்தினனீங்கள் எண்டு கேப்பான். இது குத்தகை புதுப்பிக்கிற வருசம், தெரியுமோ?"

"அப்ப படியைக் குடுக்கப் போறியளே?"

"கடையில்லாத படியை வைச்சு நான் என்ன செய்யிறது? பியர்ஃபித் வீட்டுக்குக் கொண்டுபோய்த் தலைமாட்டிலை வைச்சுப் படுக்கவோ?"

சிமிழ் மட்டும் தன் கைக்கு வந்துவிட வேண்டும் என்றார். அதற்கு ஒரு திட்டமும் வைத்திருந்தார். படியைக் கிளப்புகிற நேரம் நான் எல்லோருக்கும் தேத்தண்ணி கொண்டுவர வேண்டும், அவர்கள் திரும்புகிற இடைவெளியில் மாமி குனிந்து எடுத்துவிடுவார். முழங்கால் தேய்ந்து, ஒரு வெங்காய மூட்டையைக் குனிந்து பார்க்கவே கதவைப் பிடிக்கிற மனுசியின் திட்டம் அது.

அந்தக் காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வேலையாட்கள் இருவர் படியின் ஓரத்தை அறுத்தார்கள். தெரு முழுக்க வெள்ளைத் தூசி. மாமி விடியவே வந்து, வெள்ளிக்கிழமை இல்லாவிட்டாலும், படிக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்திருந்தார். படி கிளம்பியபோது நான் தேத்தண்ணித் தட்டோடு ஓடினேன். வேலையாட்கள் எடுத்தார்கள், கட்டடக்காரனின் ஆளும் எடுத்தான். அமெரிக்கக்காரி தேத்தண்ணி குடிக்கிறவள் இல்லை. மாமி கதவைப் பிடித்துக்கொண்டு பாதி குனிந்திருந்தபோது அவள் மண்ணில் முழங்காலை ஊன்றிச் சிமிழைக் கையில் எடுத்துவிட்டாள்.

வெள்ளி கறுத்துப் போயிருந்தது. திறந்தாள். உமியாய்ப் போன நெல் கொஞ்சம் கொட்டியது, பவுண் குண்டு அவள் உள்ளங்கையில் உருண்டது. மூக்குப்பொடிச் சிமிழ் என்றாள், பூட்டன் கப்பலேற முதல் புதைத்துவிட்டுப் போன அடையாளம் என்றாள், அழுகையும் சிரிப்புமாக எல்லோருக்கும் காட்டினாள். கட்டடக்காரனின் ஆள் கை தட்டினான். மாமியின் ஒரு கை இன்னும் நீட்டினபடியே இருந்தது. பிறகு அது மெதுவாக மேலே போய்க் கழுத்தில் கொடியைத் தேடியது. நான் வாயைத் திறந்தேன். மாமி என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் பதிந்து இரண்டு நாள் தழும்பு இருந்தது.

"பிள்ளை, உவளிட்டை ஒண்டு கேள். உவளின்ரை பூட்டன் அமெரிக்காவிலை போய் இறங்கேக்கை கையிலை பேப்பர் இருந்ததோ எண்டு கேள்."

கேட்டேன். அவள் சிரித்தாள். பேப்பரா, அந்தக் காலத்தில் யார் கேட்டார்கள், ஒரு பையோடு போய் இறங்கினார், ஊர் அவரைச் சேர்த்துக்கொண்டது என்றாள். நான் மாமிக்குச் சொன்னேன்.

"ஓம். நல்ல சனம்" என்றார் மாமி. பிறகு படி இருந்த கிடங்கைத் தாண்டி உள்ளே போய் வெண்டிக்காயைப் பிஞ்சும் முற்றலுமாகப் பிரிக்கத் தொடங்கினார்.

குத்தகை புதுப்பிக்கப்பட்டது. கிடங்கைச் சிமெந்தால் மூடினார்கள். மாமி அதன் பிறகு வாசலுக்கு மஞ்சள் வைக்கவில்லை, யார் மிதித்தாலும் கத்தவும் இல்லை. கத்தாத மாமி கத்துகிற மாமியை விட மோசமாக இருந்தார். எனக்கு அவர்மேல் கோபம் கூடியது. ஒரு பொய்யைக் காப்பாற்றத் தாலிக்கொடியின் குண்டைக் கொடுத்தாரே என்று கோபம். கொடுத்திருக்காவிட்டால் எனக்கும் அடுத்த மாதம் சம்பளம் இல்லை என்பது தெரிந்ததில் இன்னும் கோபம்.

இப்போது கடை வேறு ஆளின் கையில். மாமி பியர்ஃபித்தில் மகளோடு இருக்கிறார், முழங்கால் முற்றாகப் போய்விட்டது. போன மாதம் பார்க்கப் போனபோது அந்த அருங்காட்சியகத்தின் படத்தைக் கைபேசியில் தேடிக் காட்டினேன். படியைச் சுவரோடு நிமிர்த்தி, விளக்குப் போட்டு, முன்னால் கண்ணாடி வைத்திருக்கிறார்கள். மாமியின் கடைசி மஞ்சள் பெயருக்கு மேல் இன்னும் தெரிகிறது. அந்தக் காலத்துப் பொன்பூச்சின் மிச்சம் என்று கீழே எழுதியிருக்கிறார்கள். பக்கத்தில் சிமிழ், ஊரை நிறுவியவரின் மூக்குப்பொடிச் சிமிழ். அதன் முன்னால் ஒரு சிறு மெத்தையில் பவுண் குண்டு, அவர் விட்டுப்போன ஒரு காதலியின் நினைவாக இருக்கலாமாம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக இருந்து பார்க்கிறார்கள்.

நான் மாமி திட்டுவார் என்று காத்திருந்தேன். உண்மையைச் சொன்னால் அதற்காகத்தான் போனேன். அவர் இரண்டு விரலால் குண்டைப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு படியைப் பெரிதாக்கிப் பார்த்தார். மகள் அடுப்படியில் பிரெஞ்சில் யாரோடோ போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"நிப்பாட்டி வைச்சிருக்கினம் என்ன" என்றார். "இனி ஒருத்தரும் மிதிக்கேலாது."

எனக்கு எரிச்சலாக வந்தது. அவர் முகத்தில் இருந்தது கிட்டத்தட்டத் திருப்தி. அமெரிக்கக்காரியிடமிருந்து அதைப் பறித்துக்கொண்டு வர வேண்டும் என்று நான் இத்தனை வருடம் நெஞ்சில் வைத்திருந்ததெல்லாம் என்னோடு மட்டும் கிடக்கிறது.

இந்த வெள்ளிக்கிழமையும் லா ஷப்பேலுக்குச் சாமான் வாங்கப் போனேன். மாமியின் கடை வாசலில் சாம்பல் நிறச் சிமெந்து. கீழே ஒன்றும் இல்லை, மேலே ஒரு பெயரும் இல்லை, சனம் செருப்போடு ஏறி மிதித்துப் போகிறது. நானும் ஒருமுறை நன்றாக மிதித்துவிட வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் நினைத்துக்கொண்டுதான் வருகிறேன். கிட்டப் போனதும் கால் தானாக எழும்புகிறது.