எட்டுப் பக்கம் பாக்கி

இன்று காலை செங்காங் நூலகத்தில் பேப்பர் மேசையைச் சுற்றி இருந்தவர்கள்: நான். எதிரே ஒரு சீனப் பெரியவர், கையில் பேப்பர், கண் மூடியிருந்தது. அவருக்குப் பக்கத்தில் ஒரு மலாய்ப் பெண்பிள்ளை, பரீட்சைக்குப் படிக்கிறது போல, காதில் ஒயர். சன்னல் ஓரமாக ஒரு தம்பி, கம்ப்யூட்டரோடு. அப்புறம் நூலகத்தில் வேலை பார்க்கிற நம்ம பெண், கழுத்தில் அட்டை. அவள்தான் என் பக்கம் வந்து குனிந்தாள்.

"அங்கிள், கொஞ்சம் மெதுவா லா. மத்தவங்க படிக்கிறாங்க."

வாய்விட்டுப் படித்திருக்கிறேன். எனக்கே தெரியவில்லை. "சாரிம்மா" என்றேன். அவளும் சாரி சொன்னாள். நல்ல பெண்.

பேப்பரை மடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்தேன். ஏர்கான் குளிரில் விரல் சில்லிட்டிருந்தது. விரல் சில்லிட்டால் எனக்கு ஈர மரத்தூள் வாசனை வரும். எங்கே இருந்தாலும் வரும்.

ஐம்பதுகளின் கடைசியில் நான் ஐஸ் ஆலையில் வேலை பார்த்தேன். கட்டியைக் கொக்கி போட்டு இழுக்கணும், மரத்தூள் கொட்டி சாக்கில் சுற்றணும், லாரியில் ஏற்றணும். அவ்வளவுதான் வேலை. விடியலில் ஆரம்பித்து மூன்று மணிக்கு முடியும். ஊரெல்லாம் வெயிலில் வேர்த்து நிற்கும். நான் மட்டும் கை விறைத்துப் போய் வருவேன். "காஷ்மீர்க்காரன் வரான், வழி விடு" என்று கோப்பிக் கடையில் கேலி செய்வார்கள்.

சாயங்காலம் வாசகசாலைக்குப் போவேன். சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மசாலா அரைக்கும் கடைக்கு மேல்மாடி. நீள மேசை ஒன்று, இரண்டு பெஞ்சு, கண்ணாடி அலமாரி மூன்று. கீழே மிளகாய் அரைக்கிற நாளில் எல்லாரும் தும்முவோம். படித்தவன், படிக்காதவன் என்று அதில் பேதம் இல்லை.

படியேறியதும் செயலாளர் தியாகராசன் ஒரு துண்டை நீட்டுவார். "முதல்ல கையைத் துடைய்யா. புத்தகத்துல ஈரம் பட்டா போச்சு." கப்பல் கம்பெனியில் கிளார்க் அவர். ஒல்லியான ஆள். மழை இல்லாவிட்டாலும் குடையோடுதான் வருவார்.

நான் புத்தகத்தைத் தொடுகிற ஆளே இல்லை. இரண்டாம் வகுப்போடு சரி. பேர் எழுதுவேன், பஸ் நம்பர் பார்ப்பேன். கேட்கத்தான் போனேன்.

சாகுல் பாய் வாசிப்பார். கயிற்றுக் கடையில் கணக்கெழுதுகிறவர். தினம் ஆறிலிருந்து ஏழு வரை அன்றைய பேப்பரை உரக்கப் படிப்பார். உள்ளூர்ச் செய்தி, வெளியூர்ச் செய்தி, கப்பல் வருகிற நாள், மரண அறிவிப்பு, கடைசியில் தொடர்கதை. கதையில் போலீஸ்காரன் வந்தால் குரல் தடிக்கும். பொம்பளை பேசினால் குரலை மாற்ற மாட்டார், தலையை மட்டும் லேசாகச் சாய்ப்பார். நாங்கள் இருபது, இருபத்தைந்து பேர் தரையில் உட்கார்ந்து கேட்போம். மரண அறிவிப்பு வரும்போது மட்டும் எல்லாரும் கால் மாற்றி உட்காருவோம். ஏன் என்று தெரியாது.

உலகத்தில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில் தெரிந்ததுதான்.

வாசகசாலைக்கு முதலாளி கிடையாது. மாதம் அரை வெள்ளி சந்தா கொடுத்து நாங்களே நடத்தினோம். தலைவர் ஒருவர், செயலாளர், கமிட்டி. பதினொரு விதி எழுதி அலமாரிக் கண்ணாடியில் ஒட்டியிருந்தது. வருசத்துக்கு ஒரு பொதுக்கூட்டம், கை தூக்கி ஓட்டு. இரண்டு பக்கமும் சரிசமமாக விழுந்தால் பழைய வழக்கமே நிற்கும். அது ஏழாவது விதி. இது ஞாபகம் இருக்கட்டும்.

அந்த வருசம் தியாகராசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். உரக்க வாசிப்பதை நிறுத்த வேண்டும்.

"ஏன் சார்?" என்றார் பாய்.

"பரீட்சைக்குப் படிக்கிற பசங்க பத்துப் பேர் வரானுங்க பாய். வீட்ல ஒரு ரூம்ல எட்டுப் பேர். இங்கயும் சத்தம்னா எங்க போவானுங்க?"

"காது உள்ளவனுக்கும் வாசகசாலைதானே சார்?"

"காதுக்கு ரேடியோ இருக்கு பாய்."

அவர் சொன்னதில் தப்பு இல்லை. அதுதான் கஷ்டம். தப்பாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

அப்புறம் அவர் நான்காவது விதியைக் காட்டினார். வருசத்தில் மூன்று புத்தகமாவது எடுத்துப் படித்து, கூட்டம் தொடங்கும் முன் திருப்பித் தந்தவனுக்குத்தான் ஓட்டு. எங்கள் ஆள் ஒருத்தன்கூட ஒரு புத்தகம் எடுத்ததில்லை. ஆனால் மனுசன் யோக்கியன். கூட்டத்துக்கு மூன்று மாதம் முன்னாலேயே சொல்லிவிட்டார். "இப்பவே சொல்றேன். அப்புறம் என்னைக் குறை சொல்லக்கூடாது."

மறுநாளே நாங்கள் வரிசையில் நின்றோம். புத்தகம் எடுக்க. எந்தப் பக்கம் மேல், எந்தப் பக்கம் கீழ் என்று தெரியாமல் வாங்கினவர்கள் உண்டு. தியாகராசனுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. "படிச்சியான்னு கேப்பேன். உள்ள என்ன இருந்துச்சுன்னு ஒரு வரி சொல்லணும். அப்பதான் கணக்கு" என்றார்.

தெக்கா பசாரில் கறிக்கடையில் வேலை செய்த முனியாண்டி ஒல்லியாகப் பார்த்து ஒன்றை எடுத்துப் போனான். அது பஞ்சாங்கம். பக்கத்து வீட்டுக்காரர் படித்துச் சொல்லியிருக்கிறார். திருப்பித் தரும்போது தியாகராசன் கேட்டார், "என்ன இருந்துச்சு?"

"எனக்கு இந்த வருசம் சரியில்லைன்னு போட்டிருக்கு சார்."

செயலாளர் ஏற்றுக்கொண்டு எழுதினார். வேறு வழி?

என் முதல் புத்தகம் கோழி வளர்ப்பு. படம் இருந்தது, அதனால் எடுத்தேன். வீட்டில் டிரங்குப் பெட்டி மேல் வைத்தேன். செல்லம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து அதைத் தொட்டாள்.

என் மனைவி ஜொகூரில் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. கல்யாணமாகி நாலு வருசம். அவளுக்குப் படிக்கத் தெரியும் என்று எனக்குத் தெரியும். மளிகை கட்டி வருகிற பேப்பரைப் பிரித்து, நீவி, படுக்கிற பாய்க்கு அடியில் வைப்பாள். எதற்கு என்று நான் கேட்டதில்லை. இவ்வளவுதான் நான் கவனித்தது.

"ஏங்க, கோழி வாங்கப் போறீங்களா?"

"ஓட்டுப் போடப் போறேன்."

விசயத்தைச் சொன்னேன். சிரித்தாள். அப்புறம் உட்கார்ந்து படித்தாள், எனக்குக் கேட்கிற மாதிரி. சாகுல் பாய் போல இல்லை. குரல் சின்னது. அடுப்பில் குழம்பு கொதித்தால் எழுந்து போய்க் கிளறிவிட்டு, விட்ட இடத்திலிருந்து ஆரம்பிப்பாள். ஒரு வார்த்தை தவற மாட்டாள். நான் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன். கோழியைப் பற்றி அவ்வளவு இருக்கும் என்று நினைக்கவே இல்லை.

"கோழிக்குச் சளி பிடிக்கும் சார்" என்று தியாகராசனிடம் சொன்னேன்.

"முழுப் புத்தகத்துல அவ்வளவுதானா?"

"நீங்க ஒரு வரிதான் கேட்டீங்க."

இரண்டாவது ஒரு நாவல், முதல் பாகம். மாமியார் வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு, கட்டின சேலையோடு அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறுகிற ஒருத்தியின் கதை. பஸ் கிளம்புகிற இடத்தில் முதல் பாகம் முடிந்துவிட்டது. செல்லம்மா கடைசித் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அடுத்தது இருக்கான்னு கேட்டு வாங்க. மறந்துராதீங்க" என்றாள். நாலு வருசத்தில் அவள் என்னிடம் கேட்டு வாங்கின முதல் பொருள் அது. சேலைகூடக் கேட்டதில்லை.

மூன்றாவதாக எடுத்த இரண்டாம் பாகம் தடிமன். அந்தப் பெண் பாதிப் புத்தகம் வரை பஸ்ஸிலேயே இருந்தாள். என்ன பஸ்ஸோ. கூட்டத்துக்கு முந்தின வாரம் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. படிப்பு நின்றுபோனது.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் கூட்டம். மூன்றரைக்குச் சட்டை போட்டேன். பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டிருந்தது, தூங்கினான். செல்லம்மா வாசல் வெளிச்சத்தில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். நான் கையை நீட்டினேன்.

"எட்டுப் பக்கம் பாக்கி" என்றாள்.

"கூட்டம்."

"தெரியும்." புத்தகத்தை மூடினாள். கொடுக்கவில்லை. "இன்னைக்குக் கொடுத்தா எப்பத் திரும்பக் கிடைக்கும்?"

கூட்டம் முடிந்ததும் அலமாரியைப் பூட்டிவிடுவார்கள். எண்ணிச் சரிபார்த்து, கிழிந்ததைத் தைத்து, மறுபடி திறக்க ஒரு மாதம் ஆகும். சொன்னேன்.

"சரி" என்று நீட்டினாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. நானும் அப்படித்தான். எங்கள் வீட்டில் யாரும் எதையும் காட்டுகிற வழக்கம் இல்லை.

புத்தகத்தை வாங்கி வாசல் வரை போனேன். எங்கள் ஆள் இருபத்தைந்து பேர் உறுதி என்று முனியாண்டி விரல் விட்டு எண்ணியிருந்தான். அந்தப் பக்கம் பத்தொன்பது. என் ஒரு கை இல்லாவிட்டால் என்ன ஆகிவிடும்? திரும்பி வந்து செருப்பைக் கழற்றினேன்.

"படி" என்றேன்.

அவளுக்காக என்று சொன்னால் முழு உண்மை ஆகாது. அந்தப் பெண் எங்கே போய்ச் சேர்ந்தாள் என்று எனக்கும் தெரிய வேண்டியிருந்தது.

செல்லம்மா அவசரப்படவில்லை. எட்டுப் பக்கத்தையும் எட்டுப் பக்கமாகவே படித்தாள்.

நான் படியேறினபோது மணி நாலு நாற்பது. எல்லாரும் எழுந்து நின்றிருந்தார்கள். சாகுல் பாய் பேப்பரை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். முனியாண்டி என்னைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டான்.

"அண்ணே, எங்க போய்த் தொலைஞ்சீங்க? ஒரு கைண்ணே! ஒரே ஒரு கை!"

நிறுத்தச் சொல்லி இருபத்திரண்டு. வேண்டாமென்று இருபத்தொன்று. எங்கள் ஆள் மூன்று பேர் மாற்றித் தூக்கியிருந்தார்கள். மூன்று பேர் வீட்டிலும் பரீட்சைக்குப் படிக்கிற பையன்கள். அவர்களை என்ன சொல்ல? நான் இருந்திருந்தால் சரிசமம். ஏழாவது விதி.

பாய் பக்கத்தில் வந்தார். "என்ன தம்பி, லேட்டு?"

"வேலை" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை ஐஸ் ஆலை கிடையாது என்று அவருக்குத் தெரியும். தோளைத் தட்டிவிட்டு இறங்கிப் போனார்.

தியாகராசன் பழக்கத்தில் துண்டை நீட்டினார். கை காய்ந்துதான் இருந்தது. ஆனாலும் துடைத்துக்கொண்டு புத்தகத்தைக் கொடுத்தேன்.

"என்ன இருந்துச்சு?"

"அம்மா வீட்டுக்கும் போகல, புருசன் வீட்டுக்கும் போகல சார். வழியில ஒரு ஊர்ல இறங்கிட்டா. அங்கயே இருக்கா."

அவர் நோட்டைப் பிரித்தார். "யாரு படிச்சுச் சொன்னது?"

"வீட்ல."

எழுதிக்கொண்டார்.

அதற்கப்புறம் பாய் ஒரு மாதம் போல கீழே அஞ்சடி நடைபாதையில், மசாலாக் கடை ஓரத்தில் நின்று வாசித்தார். டிரைஷா வண்டி மணி, அரவை மிசின், போகிற வருகிற சனம். பாதி கேட்காது. மழைக்காலம் வந்தது, நின்றுவிட்டது. எங்கள் ஆட்கள் கோப்பிக் கடை ரேடியோவுக்குப் போனார்கள். ரேடியோவிடம் "பாய், அதை இன்னொரு தரம்" என்று கேட்க முடியாது. மேலே பையன்கள் அமைதியாகப் படித்தார்கள். அடுத்த வருசம் நாலு பேர் பாஸ் பண்ணி எல்லாருக்கும் அல்வா கொடுத்தார்கள். நானும் சாப்பிட்டேன். நல்ல அல்வா.

பாயைத் தெக்காவில் எத்தனையோ தரம் பார்த்தேன். உண்மையைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தலையை லேசாகச் சாய்த்துக்கொண்டு அந்த எட்டுப் பக்கத்தையும் கேட்டிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. சுவா சூ காங்கில் அவரை அடக்கம் செய்த அன்று போனேன். அங்கேயும் சொல்லவில்லை.

அறுபதில் ஸ்டாம்ஃபோர்டு ரோட்டில் அரசாங்கத்தின் பெரிய நூலகம் வந்தது. செங்கல் கட்டடம். செல்லம்மா அங்கே தன் பேரிலேயே கார்டு எடுத்தாள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிப் போவாள். கொண்டுவந்ததை எல்லாம் எனக்கும் படித்தாள். அவள் விரல் போகிற வழியைப் பார்த்துப் பார்த்து எனக்கும் எழுத்து கூடி வந்தது. வாய் அசைந்தால்தான் எனக்குப் படிப்பு ஏறும். அவள் போய் ஆறு வருசம் ஆகிறது. இப்போது நானே படித்துக்கொள்கிறேன். செங்காங் பெண்ணிடம் இதையெல்லாமா சொல்லிக்கொண்டிருக்க முடியும்?

ஐஸ் ஆலை இல்லை. மசாலாக் கடை இருந்த இடத்தில் கைபேசி விற்கிறார்கள். மேல்மாடியில் என்ன என்று தெரியாது, படிக்குக் கதவு போட்டிருக்கிறது. ஸ்டாம்ஃபோர்டு ரோட்டுச் செங்கல் கட்டடத்தையும் இடித்துவிட்டார்கள். முனியாண்டி இல்லை. கை தூக்கின யாரும் இருக்கிறதாகத் தெரியவில்லை.

வாசகசாலையை அறுபதுகளின் கடைசியில் மூடினோம். சந்தா கொடுத்தவர்கள் அடுக்குமாடி வீடு கிடைத்து ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். புத்தகங்களை ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தோம். கூட்டக் குறிப்பு நோட்டை யாரும் கேட்கவில்லை. தியாகராசன் என்னிடம் நீட்டினார். "நீங்க வச்சுக்கங்க" என்றார். அதுவரை அவர் என்னை நீங்க என்று சொன்னதில்லை.

வீட்டுக்கு வந்து அந்த ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தைத் தேடி, எழுத்துக் கூட்டிப் படித்தேன். நேரத்துக்கு மூன்றாவது புத்தகத்தைத் தராதவன், அதனால் ஓட்டுள்ள உறுப்பினர் கணக்கில் வரமாட்டான் என்று என் பேரை அடித்திருக்கலாம். விதி அப்படித்தான். அடிக்கவில்லை. அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார்.

உறுப்பினர் நாற்பத்து நான்கு. வந்தவர் நாற்பத்து மூன்று. வராதவர் ஒன்று.