கண்ணுக்குத் தெரிகிற சூடு

சிவகாசியில் ஹீட்டர் வேண்டும் என்று கேட்டால் வெந்நீர் போடுகிற கம்பியைத்தான் எடுத்து நீட்டுவார்கள். வெயிலுக்குப் பஞ்சமில்லாத ஊரில், இடத்தைச் சூடாக்க ஒருத்தி ஹீட்டர் தேடி அலைகிறாள் என்றால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? சொர்ணலட்சுமி கடை கடையாக அந்தச் சிரிப்பை வாங்கிக்கொண்டு நடந்தாள்.

ஹீட்டர் வேண்டியிருந்தது வீட்டை ஒட்டிய கார் ஷெட்டுக்கு. வாடகைக்கு விட்ட வீட்டுச் சொந்தக்காரர் கார் வாங்குகிற நினைப்பில் கட்டிப் போட்டது. கார் வரவில்லை, சொர்ணம்தான் குடிவந்தாள். அந்த ஷெட்டில் அவள் தினசரி காலண்டருக்கு அட்டை ஒட்டுகிறாள். கம்பெனியிலிருந்து சாமி படங்களும் அட்டைகளும் லோடாக வந்து இறங்கும். பசை தடவிப் படத்தை ஒட்டி, காயவைத்துத் திருப்பி அனுப்ப வேண்டும். ஐப்பசியில் அடைமழை பிடித்ததும் ஒன்றும் காயவில்லை. அட்டைகள் அப்பளமாக வளைந்தன. முருகன் முகத்தில் பூஞ்சை பூத்தது. கம்பெனி மேனேஜர் சத்தமெல்லாம் போடவில்லை. அடுத்த லோடும் இப்படியே வந்தால் ஆர்டரை வேறு ஆளுக்கு மாற்றிவிடுவதாக மரியாதையாகச் சொன்னார். அது போனால் வீட்டில் வேறு வருமானம் கிடையாது.

அவள் கணவன் முத்துக்கிருஷ்ணன் விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்குகிறவனாக இருந்தான். வெடிவிபத்தில் முதுகும் கைகளும் வெந்து பிழைத்தவன். விரல்கள் பாதிதான் மடங்கும். ஆஸ்பத்திரியிலிருந்து அவனைக் கூட்டிவந்த அன்றைக்கே சொர்ணம் வீட்டை விட்டு நெருப்பைத் துரத்தினாள். கேஸ் அடுப்பு போய்க் கரண்ட் அடுப்பு வந்தது. சாமி படத்துக்கு முன்னால் விளக்குக்குப் பதில் பல்பு. இருக்கன்குடி கோயிலுக்குப் போனால் அக்கினிச்சட்டிக்காரர்கள் வருகிற பக்கமே தலைகாட்டாமல் அவனைக் கையைப் பிடித்து வேறு வழியில் இழுத்துக்கொண்டு போவாள். அவனும் மறுபேச்சில்லாமல் வருவான். தெருவில் அவளைக் கொஞ்சம் கிறுக்கு என்றார்கள். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஷெட்டின் உள்கதவு அவன் படுக்கிற அறைக்குள்தான் திறக்கும். அதனால்தான் ஹீட்டர் விஷயத்தில் அவளுக்கு இத்தனை யோசனை. அவன் பயந்து ஒடுங்கிவிட்டால் ஷெட்டைப் பூட்ட வேண்டியதுதான்.

கடைசியில் ஜோபின் என்ற பையனின் கடையில் இரண்டு ஹீட்டர்கள் கிடைத்தன. கொடைக்கானல் விடுதி ஒன்றுக்கு வரவழைத்ததில் மிஞ்சியவை. ஒன்றில் கம்பி வலைக்குப் பின்னால் இரண்டு குழல்கள் பழுத்துச் சிவக்கும். இன்னொன்று மடிப்பு மடிப்பான இரும்புப் பெட்டி. உள்ளே எண்ணெய் சூடாகும், வெளியே ஒன்றும் தெரியாது. விலை மட்டும் நன்றாகத் தெரிந்தது. ஜோபின் முதலாவதைப் போட்டுக் காட்டியதும் சொர்ணம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அதை அமத்துங்க தம்பி. எரியுறது தெரியாத சாமானைக் குடுங்க."

பெட்டி வந்து ஷெட்டில் உட்கார்ந்தது. முத்துக்கிருஷ்ணன் அதைச் சுற்றிவந்து பார்த்தான். சொர்ணம் சோறு வைத்துவிட்டுத் திரும்பினால் பிளக் பிடுங்கிக் கிடந்தது. மறுபடி மாட்டினாள். தண்ணீர் பிடித்துவிட்டு வந்தால் மறுபடி பிடுங்கிக் கிடந்தது. இடையிடையே அவன் எழுந்து வந்து புறங்கையால் பெட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வேர்த்துப்போய்த் திரும்பினான். சாயங்காலம் பார்த்தால் அட்டைகள் காலையில் இருந்ததைவிட ஈரமாக இருந்தன.

அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அம்புட்டுப் பணத்தைக் கொட்டி, ஊரெல்லாம் சிரிக்க வாங்கிவந்தது யாருக்காக என்று கேட்டாள். ஒரு பொறி, ஒரு சிவப்பு தெரியாத சாமானாகப் பார்த்து எடுத்தேனே, இதற்குமேல் என்ன செய்யச் சொல்கிறீர்கள் என்று கேட்டாள்.

"சிவப்புத் தெரிஞ்சாத்தான் நல்லது," என்றான் முத்துக்கிருஷ்ணன். "இது உள்ளுக்குள்ள என்ன செய்யுதுன்னு யாருக்குத் தெரியும்?"

பிறகு அன்றைக்கு நடந்ததைச் சொன்னான். அவள் அதுவரை கேட்டதில்லை. கேட்டால் அவன் தாங்கமாட்டான் என்று இருந்துவிட்டாள். முதல்நாள் கலந்து மிஞ்சிய மருந்து தொட்டியில் கிடந்ததாம். ராத்திரி மழைக்கு அதில் ஈரம் ஏறியிருந்தது; ஈரம் பட்டால் அந்த மருந்து தானாகவே சூடேறும். காலையில் அவன் தொட்டியின் மேல் கையை வைத்தான். சுட்டது. புகை இல்லை, வெளிச்சம் இல்லை, வெறும் சூடு. ஓடுங்கடா என்று கத்தினான். எதற்கு ஓட வேண்டும் என்று கூட வேலை பார்த்த காளீஸ்வரன் நின்று பார்த்தான். பார்ப்பதற்குத்தான் ஒன்றும் இல்லையே. அவன் வெளியே வரவில்லை.

"கண்ணுக்குத் தெரியுற நெருப்புக்கு நான் எதுக்குப் பயப்படணும்? தெரிஞ்சா ஓடிருவேன்ல."

சொர்ணம் அட்டைகளுக்கு நடுவில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அப்படியானால் அடுப்பைத் தூக்கினபோது ஏன் வாயைத் திறக்கவில்லை, விளக்கை எடுத்தபோது ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். அவன் அவளைப் பார்க்காமல் பதில் சொன்னான்.

"நீ பயப்படுறேன்னு நெனச்சேன். அதான் பேசாம இருந்தேன்."

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். வரவில்லை. ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரிக்கும்போதெல்லாம் அவன் முதுகைப் பார்த்தவள் அவள்தான். அவன் பார்த்ததில்லை. இத்தனை வருஷமும் தன் பயத்தை அவன் பெயரில் வளர்த்து வந்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. "ஆமா, எனக்குத்தான் பயம்," என்றாள்.

மறுநாள் அவனே கடைக்குக் கூட வந்து, பெட்டியைக் கொடுத்துவிட்டுக் குழல் சிவக்கிற ஹீட்டரை மாற்றி வாங்கினான். காகிதம் எதுவும் பக்கத்தில் அண்டாமல் வெறும் சிமெண்டுத் தரையில் வைக்கச் சொன்னான். ஆள் இல்லாமல் அது ஓடக் கூடாது என்றான், அந்த ஆளாகத் தானே இருப்பதாகவும் சொன்னான். முக்காலியைப் போட்டுக்கொண்டு சுவிட்சைத் தட்டினான். குழல்கள் மெல்லப் பழுத்தன. அட்டையில் பசை தடவிக்கொண்டிருந்த சொர்ணத்தின் கை நின்றுவிட்டது. தலையை எப்படித் திருப்பினாலும் அந்தச் சிவப்பு கண்ணில் பட்டது.

அவன் அதைக் கவனித்தான். முக்காலியைக் கொஞ்சம் நகர்த்தி, ஹீட்டருக்கும் அவளுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டான். சிவப்பு மறைந்தது. அவன் முதுகு மட்டும் தெரிந்தது. சொர்ணம் அதைப் பார்த்தபடியே அடுத்த படத்தை எடுத்து ஒட்டினாள்.