மீசை எடுத்த வாத்தியார்

எங்கள் வாத்தியார் மீசை இல்லாமல் பள்ளிக்கு வந்த அன்று, தோட்டத்து லைன் வீட்டுப் பெண்கள் பாதிப் பேர் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு அழத் தயாரானார்கள். அப்பன் செத்தால்தான் எங்கள் பக்கத்து ஆண்கள் மீசையை எடுப்பார்கள். கோயமுத்தூர்ப் பக்கம் இருந்த வாத்தியாரின் தகப்பனார் போய்விட்டார் என்று ஆளாளுக்கு முடிவு கட்டிவிட்டார்கள்.

அது வெள்ளைக்காரத் துரை காலம். கோத்தகிரிக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் ஒரு தகரக் கொட்டகைதான் பள்ளிக்கூடம். நானும் அக்காவும் ஒரே பெஞ்சு. என்னைவிட மூன்று வயது மூத்தவள், ஆனாலும் என் வகுப்பு. காய்ச்சலில் கிடந்து எழுந்ததிலிருந்து அவள் மண்டையில் எதுவும் ஏறுவதில்லை என்பாள் அம்மா. கூப்பிட்டால் திரும்புகிறாளா பார், திமிர் என்பார் அப்பா. தேயிலைச் செடியில் கவாத்து வெட்டிய குச்சியால் முதுகில் இரண்டு வைப்பார். அடுத்த மாதம் அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்திக் களை எடுக்க அனுப்புவதாக மேஸ்திரியிடம் பேசியும் வைத்திருந்தார். அதை நான்தான் அவளிடம் போட்டு உடைத்தேன். அன்று முதல் அக்கா சிலேட்டைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினாள்.

வாத்தியாரோ ஒன்றும் விளங்காத காரியங்களாகச் செய்துகொண்டிருந்தார். அவர் அக்காவின் பெயரைச் சொன்னதும் முழங்கையால் அவளை இடிப்பது என் வேலை. என்னைக் கடைசிப் பெஞ்சுக்குத் துரத்திவிட்டார். அவளை முன்னால் உட்கார வைத்து, வெளிச்சம் தன் முகத்தில் விழும்படி நின்றுகொண்டார். பலகையில் எழுதும்போது வாயே திறக்க மாட்டார். எழுதி முடித்து எங்கள் பக்கம் திரும்பித்தான் பேசுவார். பல் கிட்டிக்கும் குளிரில் மப்ளரைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மனுஷருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதோ என்று எனக்குப் பயம். அக்காமேல் பொறாமை வேறு. அப்புறம்தான் மீசை போனது.

அன்று சாயங்காலம் அம்மா நாலு பெண்களோடு அவர் வீட்டு வாசலில் போய் ஒப்பாரியே வைத்துவிட்டாள். யாருக்காக என்று தெரியாமல் நானும் கூடச் சேர்ந்து அழுதேன். வாத்தியார் சோற்றுக் கையோடு வெளியே வந்தார்.

“ஏனுங்க, என்னாச்சுங்க?”

“உங்கய்யன் போயிட்டாருன்னு...” என்று அம்மா இழுத்தாள்.

“எங்கய்யன் நல்லாத்தான் இருக்கறாருங்க. நேத்துக்கூடக் காயிதம் வந்துச்சு.”

அழுகை நின்ற வேகத்தில் அவர்களுக்குக் கோபம் வந்தது. தகப்பன் குத்துக்கல்லாட்டம் இருக்கையில் மீசையை எடுப்பதா? விஷயம் தெரிந்ததும் அப்பா குதியாய்க் குதித்தார். “பெத்தவனுக்கே கேடு நெனைக்கறவன்கிட்ட எம்புள்ளைங்க படிக்க வேண்டாம்” என்றார். மறுநாள் காலையில் எங்கள் பெயரை அடிக்கச் சொல்ல அவரே கிளம்பினார். அக்கா சிலேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

வாத்தியார் அக்காவைக் கையசைத்துக் கூப்பிட்டு நிறுத்தினார். அவள் முதுகுக்குப் பின்னால் போய், “எட்டும் ஒம்பதும் எத்தனை?” என்று உரக்கக் கேட்டார். அக்கா தகரச் சுவரைப் பார்த்தபடி நின்றாள்.

“பாத்தீங்களா, திமிரு” என்றார் அப்பா.

வாத்தியார் முன்னால் வந்து, சத்தமே வராமல் வாயை மட்டும் அசைத்தார்.

“பதினேழு” என்றாள் அக்கா.

“மண்டையில கோளாறு இல்லீங்க. காச்சல் காதைக் கொண்டு போயிருச்சு. என்ற வாயைப் பாத்துத்தான் புள்ள பாடம் படிக்குது. மீசை மறைச்சுதுங்க. இத்தன நாளா எனக்கும் தெரியாமப் போச்சு.”

அப்பா பெயரை அடிக்கச் சொல்லவில்லை. வேலைக்கு நேரமாகிவிட்டது என்று ஃபாக்டரிப் பக்கம் நடந்துவிட்டார். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

வேலை விட்டு வந்ததும் அப்பா அக்காவை அடுப்புக்குப் பக்கத்தில் தனக்கு எதிரே உட்கார வைத்தார். வாத்தியாரைப் போலவே சத்தமில்லாமல் ஏதோ சொன்னார். நடுவில் உதடு நடுங்கி நின்றுவிட்டது. மறுபடி முதலிலிருந்து சொன்னார். சொல்லிக்கொண்டே அவள் முதுகைத் தடவினார். அக்கா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்து, கடைசியில் அவர் தோளில் சாய்ந்து விசும்பினாள்.

“எனக்குக் கேக்கலீங்கப்பா, சத்தமாச் சொல்லுங்க” என்றேன். அவர் சொல்லவில்லை. அக்காவிடம் நச்சரித்தேன், அவளும் மூச்சு விடவில்லை.

அவளுக்கு மட்டும் புதுப் பாவாடை எடுத்துத் தருவதாக ரகசியம் பேசுகிறார் என்று நினைத்து எனக்கு ஆத்திரமாக வந்தது. தை பிறக்கும்வரை அந்தப் பாவாடையைப் பெட்டிக்குள் தேடிக்கொண்டிருந்தேன்.