கடையில் பாஸ், வீட்டில் ஃபெயில்

தேவிகாவின் கம்ப்யூட்டர் மறுபடியும் என் கடைக்கு வந்தது. ரிப்பேர் செய்து அனுப்பிய மிஷின் திரும்பி வந்தால் எனக்கு எப்போதும் பயம்தான். எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். டோல்கேட் பஸ் ஸ்டாப் பக்கத்தில் இத்தனை வருடம் கடை நடத்தியும் அந்தப் பயம் போகவில்லை.

தேவிகா திருவொற்றியூர் குப்பத்துப் பெண். வீட்டில் இருந்தபடியே ஒரு ஸ்டுடியோவுக்குக் கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறாள். கேமரா கார்டிலிருந்து ஏற்றும் போட்டோக்களில் சில கெட்டுப்போயின. பாதி முகம் இருக்கும், அதன் கீழே வெறும் சாம்பல் பட்டை. முதல் தடவை ஹார்ட் டிஸ்க்கைச் சோதித்து, நன்றாக இருக்கிறது என்று அனுப்பியிருந்தேன்.

"அண்ணே, இன்னொரு ஆல்பம் கெட்டா வேற ஆள வெச்சிக்கிறேன்னு ஸ்டுடியோக்காரரு சொல்ட்டாரு. இத்த வுட்டா எனுக்கு வேற இன்னா வேல கீது?" என்றாள்.

"ரேம் மேலதாம்மா சந்தேகம். படம் டிஸ்க்குக்கு அது வழியாத்தான் போகுது. டெஸ்ட் போட்டுப் பாக்கறேன்."

நாங்கள் ரேம் டெஸ்ட் போடும் முறை இது. பக்க மூடியைக் கழற்றுவோம். ரேமின் தங்க நிறக் கால்களில் கடல் காற்றால் படிந்த உப்பை அழி ரப்பரால் தேய்ப்போம். மிஷினை ஃபேன் காற்றில் வைத்து, பென் டிரைவில் இருந்து டெஸ்டை ஓட விடுவோம். அது ரேமில் எதையாவது எழுதி, எழுதியபடியே திரும்ப வருகிறதா என்று பார்க்கும். மாறி வந்தால் சிவப்பு வரி விழும். ஒரே ஒரு வரி விழுந்தாலும் அந்த ரேம் ஆகாது.

பகல் முழுக்க ஓடியது. ஒரு சிவப்பு வரிகூட இல்லை.

பாஸ்தான். ஆனால் மனசு கேட்கவில்லை. ரப்பரால் தேய்த்ததில் சரியாகியிருக்கலாம், ஆகாமலும் இருக்கலாம். மறுநாள் மிஷினை ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு நானே அவள் வீட்டுக்குப் போனேன். அங்கேயே ஒருமுறை டெஸ்ட் போட்டேன். அப்போதும் சுத்தமாக ஓடியது.

அந்த நேரத்தில் அவள் புருஷன் குமார் உள்ளே வந்தான். விசைப்படகில் கடலுக்குப் போகிறவன். வந்ததும் மூலையில் கிடந்த நீலத் தார்ப்பாய் உறையை எடுத்து, ஓடிக்கொண்டிருந்த மிஷின் மேல் மாட்டினான்.

"இன்னாப்பா பண்ற?" என்றேன்.

"இன்னா நைனா இப்டி கேக்குற? ஃபேக்டரி கரித்தூசி எப்டி வருது பாத்தியா? வூட்ட பெருக்கி கை எடுக்கறதுக்குள்ள மறுபடியும் கறுப்பாவுது. படகு தார்ப்பாய அறுத்து, வல நூலுல நானே தெச்சது. ஒரு தூசி உள்ள பூராது!"

"காத்து பூருமா?"

"காத்து இன்னாத்துக்கு? அது இன்னா மூச்சா வுடுது?"

தேவிகா சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "அப்டியே இருக்கட்டும், எடுக்காத," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். தேவிகா போட்டுக் கொடுத்த டீயைக் குடித்து முடிப்பதற்குள் முதல் சிவப்பு வரி விழுந்தது. பிறகு வரிசையாக விழுந்தன.

மிஷினில் இரண்டு ரேம் இருந்தது. ஒவ்வொன்றாகத் தனியே போட்டு, உறையோடு ஓட விட்டேன். ஒன்று தாங்கியது. மற்றொன்று சூடு ஏறியதும் உளறியது. என் கடை ஃபேன் காற்றில் அதற்குச் சூடே ஏறவில்லை.

"அப்ப உறைய தூக்கி போட்றவா?" என்றான் குமார், முகம் தொங்கிப்போய்.

கரித்தூசி பொய்யில்லை. மிஷினைத் திறந்தால் உள்ளே மை மாதிரி அப்பியிருக்கும். அதனால் விசிறி இருக்கும் பக்கம் மட்டும் தார்ப்பாயை அறுத்து, கொசுவலை வைத்துத் தைக்கச் சொன்னேன். கெட்ட ரேமை எடுத்துவிட்டு, கையோடு கொண்டுபோயிருந்த வேறொன்றைப் போட்டேன். உறையோடு டெஸ்ட் முடியும்வரை நான் எழுந்திருக்கவில்லை.

கெட்டுப்போய்ப் பதிவான படங்களை இனி எந்த ரேமாலும் சரி செய்ய முடியாது, கேமரா கார்டிலிருந்து மறுபடி ஏற்றினால்தான் உண்டு என்று தேவிகாவிடம் சொன்னேன். அவள் உடனே ஸ்டுடியோவுக்குப் போன் போட்டாள்.

"சார், மிஷினு ரெடி ஆயிடுச்சி. கார்டுல படம் இன்னும் கீதா? அழிச்சிட்டீங்களா?"

அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ தெரியாது. போனை வைக்காமலே குமாரைப் பார்த்து, "சைக்கிள எடு," என்றாள்.

இப்போது கடைக்கு மிஷின் வந்தால் மூடியைக் கழற்றும் முன்பு, வீட்டில் அதை எங்கே வைக்கிறீர்கள், மேலே எதைப் போட்டு மூடுகிறீர்கள் என்று கேட்கிறேன். சிலர் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். அவர்கள் வீட்டில் இருப்பது போலவே மூடி வைத்துத்தான் டெஸ்ட் போடுகிறேன்.