வெள்ளையாக வந்த ஃபில்டர்

நெல் கொட்டும் குழிக்குப் பக்கத்தில் எட்டு மணி நேரம் இருந்த ஃபில்டர் அப்படி வெள்ளையாக வரக்கூடாது.

அம்மாப்பேட்டை பக்கம் ஒரு ரைஸ் மில். குறுவை நெல் இறங்கும் காலம். கொட்டக் கொட்டத் தூசி எழும்பி, வெயிலுக்கே சளி பிடிக்கும். அங்கே மூட்டை பிரித்துக் கொட்டுகிறவர் மல்லிகா அக்கா. தூசி அளக்கப் போன நான், காலையில் அவர் இடுப்பில் காற்று உறிஞ்சும் சின்ன பம்பைக் கட்டி, சேலைக்கு மேல் போட்டிருந்த ஆம்பளைச் சட்டையின் காலரில் ஃபில்டரை மாட்டினேன். அவர் மூச்சில் இழுக்கும் காற்றை அதுவும் இழுக்கும். தூசி அளவு மீறினால், குழிக்கு மேலே தூசி உறிஞ்சும் ஹூட் போடச் சொல்லி ரிப்போர்ட் எழுதுவேன். மீறாவிட்டால் அக்கா இருமிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

"விலை ஜாஸ்திக்கா. பத்திரம்" என்றேன். மணிக்கொரு தடவை போய்ப் பார்க்க வேண்டும் என்பது விதி. நான் ஏசி ரூமில் முதலாளியோடு டிகிரி காபியை ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

சாயங்காலம் முதலாளி ஃபில்டரை எட்டிப் பார்த்தார். "இட்லி மாதிரி இருக்கு சார். எழுதிக் குடுத்துட்டுக் கெளம்புங்க."

கிளம்பியிருப்பேன். அக்காவின் இமை, புருவம், காது மடல் எல்லாம் பழுப்பாக இருந்தது.

"கழட்டி வச்சிருந்தீங்களாக்கா?"

"நான் ஏன் கழட்டுறேன்? நீங்கதானே பத்திரம்னீங்க. தூசி பட்டுடும்னு அது மேல என் துண்டைச் சுத்தி வச்சேன். இப்பதான் அவுத்தேன்."

"உங்க மூக்குக்கு?"

"இருக்கிறது ஒரு துண்டுதானே சார்."

முதலாளி சிரித்தார். நானும் சிரித்தேன். அக்காவும் சிரிக்கப் போய், இருமல் வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். எங்கள் சிரிப்பு அசிங்கமாக நடுவில் தொங்கியது.

"வந்தது வந்துடுச்சு, அதையே போட்டுடுங்க" என்றார் முதலாளி.

"இது செல்லாது. நாளைக்கும் வர்றேன்."

"நாளைக்கும் காபியா?"

மறுநாள் காபி இல்லை. அக்காவுக்கு ஒரு மாஸ்க் கொடுத்து, "இந்த ஃபில்டர் அழுக்காகணும்கா, அதுக்குத்தான் இது" என்று சொல்லி மாட்டிவிட்டு, குழியோரமே நின்றேன். மத்தியானத்துக்குள் ஃபில்டர் வண்டல் நிறமாகிவிட்டது. எடை போட்டபோது அளவு தாராளமாக மீறியிருந்தது. அப்படியே எழுதினேன்.

தை அறுவடைக்குள் ஹூட் ஏறியது. அக்கா போன் பண்ணினார்.

"தூசி கொறஞ்சிருக்கு சார். ஆனா இது போடுற சத்தத்துல காது கிழியுது. அதை அளக்க மிஷின் இருக்கா?"

இருக்கிறது. கொண்டுபோய், எதற்கென்று முதலில் சொல்லிவிட்டுத்தான் அக்கா காலரில் மாட்டினேன்.