யாரு? யாரை?

பேருந்து நிலையத்தில் அவளை மைக்கக்கா என்பார்கள். டிரைவர், கண்டக்டர், பேப்பர் கடைக்காரர், தினமும் அந்த வழியாக வேலைக்குப் போகிறவர்கள் என்று யாரைக் கேட்டாலும் அதே பெயர்தான். அவளைவிட ஏழெட்டு வயது மூத்த டைம் கீப்பர்கூட வாய் தவறி "அக்கா" என்றுதான் கூப்பிடுவார். மாடிப்படிக்கு அடியில் ஒரு சின்ன அறை. அதற்குள் ஒரு மேஜை, மைக், கால அட்டவணை ஒட்டிய அட்டை, ஒரு ஃபிளாஸ்க். கண்ணாடி வழியாகப் பார்த்தால் மூன்று நடைமேடைகள் தெரியும், மற்ற ஐந்தும் தெரியாது. தெரியாத ஐந்துக்கும் சேர்த்து இருபத்தாறு வருஷம் அறிவிப்புச் சொன்னாள்.

குரல் அப்படியொன்றும் இனிமையானதல்ல, கொஞ்சம் மூக்கால் வரும். ஆனால் சொல்வதன் கடைசி எழுத்துவரை ஜனங்கள் காதில் விழும். அவள் லீவு எடுக்கும் நாட்களில் மைக் பிடிக்கிற கிளார்க்கை மறுநாள் வந்து ஒரு பிடி பிடிப்பாள். "'நாலாம் நடைமேடைக்கு'ன்னா ஒண்ணு, 'நாலாம் நடைமேடையிலிருந்து'ன்னா இன்னொண்ணு. நீங்க வாலை மென்னு முழுங்கிட்டா ஜனங்க பெட்டியைத் தூக்கிக்கிட்டு எந்தப் பக்கம் சார் ஓடும்?"

வீட்டிலும் இதே பாடுதான். கணவர் லிஃப்ட் மெக்கானிக். பகல் முழுக்க லிஃப்ட் குழிக்குள் கம்பிவடத்தோடு மல்லுக்கட்டுகிறவர், பேச்சை எண்ணித்தான் செலவழிப்பார். "சாவி மேஜை" என்பார். "மேஜைக்குச் சாவியா, மேஜையில சாவியா?" என்பாள். "மேஜை மேல சாவி இருக்கு, தாயே" என்று அவர் கையெடுத்துக் கும்பிடுவார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது பத்துக்கு அவள் மைக்கை முடுக்கிச் சொன்னாள்:

"ஆறு... பேருந்து... நாலு... நடைமேடை... மாத்து..."

தான் முழுதாகச் சொல்லிவிட்டதாகத்தான் அவளுக்குத் தோன்றியது. வெளியே ஜனங்கள் அண்ணாந்து ஒலிபெருக்கியைப் பார்த்தார்கள். ஆறாம் எண் பேருந்து நான்காம் நடைமேடைக்கு வருகிறதா, நான்காம் நடைமேடையிலிருந்து வேறெங்கோ போகிறதா, இல்லை நான்காம் எண் பேருந்துதான் ஆறாம் நடைமேடைக்கு வருகிறதா? பாதிப் பேர் அந்தப் பக்கம் ஓடினார்கள், பாதிப் பேர் இந்தப் பக்கம் ஓடினார்கள், நடுவில் முட்டிக்கொண்டார்கள். டைம் கீப்பர் கண்ணாடியைத் தட்டினார். அவளுடைய வலது கை மேஜையிலிருந்து நழுவித் தொங்கிக்கொண்டிருந்தது. வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. எதற்கு இவர் இப்படிப் பதறுகிறார் என்று அவள் குழப்பத்தோடு அவரைப் பார்த்தாள்.

டிப்போ ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பதினோரு நாள் இருந்தாள். டாக்டர் கணவரைத் தனியாக அழைத்துச் சொன்னார்: "மூளைக்குப் போற ஒரு சின்ன ரத்தக்குழாய் அடைச்சிருக்கு. உயிருக்குப் பயமில்லை. வார்த்தைகள் எல்லாம் திரும்ப வரும். ஆனா அதைக் கோத்துப் பேசுறது, மத்தவங்க கோத்துப் பேசினா புரிஞ்சுக்கிறது, ரெண்டும் கொஞ்ச நாளைக்குக் கஷ்டம்."

பாகமெல்லாம் இருக்கிறது, இணைப்புதான் விட்டுப்போயிருக்கிறது என்று மெக்கானிக் புரிந்துகொண்டார். இணைப்புதானே, கொடுத்துவிடலாம் என்று நம்பினார்.

வீட்டுக்கு வந்து ஒரு மாதத்தில் வார்த்தைகள் வந்தன. தண்ணி. வலி. ஜன்னல் சாத்து. போர்வை. இப்போது புருஷனும் பெண்டாட்டியும் ஒரே மாதிரி பேசுகிறார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரி சிரித்தாள். மெக்கானிக்கும் சிரித்தார், ஆனால் அவருக்கு அது ரசிக்கவில்லை.

பிறர் பேச்சைக் கேட்பதில்தான் பெரிய தொல்லை இருந்தது. "மாத்திரையை முழுங்கு" என்றால் முழுங்கினாள். மாத்திரை அவளை முழுங்கப் போவதில்லையே! "பிஸ்கட்டை நாய் தின்னுடுச்சு" என்றாலும் சிக்கலில்லை. நாயும் பிஸ்கட்டும் தின்பதும் தாமாகவே ஒன்றோடொன்று பொருந்திக்கொள்ளும். ஆனால் வெளியூரில் வாழ்க்கைப்பட்ட மகள் போனில், "மாமியாரை நாத்தனார் திட்டிட்டாங்கம்மா" என்றால் அவ்வளவுதான். மாமியாரைத் தெரியும், நாத்தனாரைத் தெரியும், திட்டுவது என்றால் என்னவென்றும் தெரியும். மூன்றும் ஒன்றின் முகத்தை ஒன்று பார்க்காமல் குத்துக்கல்லாக நிற்கும். வாங்கிக் கட்டிக்கொண்டது யார் என்று அவள் விழிப்பாள்.

வாரம் இரண்டு முறை பேச்சுப் பயிற்சி தர ஒரு பெண் வந்தாள். கிராப் வெட்டிய தலை, பையில் ஒரு கட்டுப் பட அட்டைகள். ஒரு அட்டையில் நர்ஸ் தபால்காரரைத் துரத்துவாள், இன்னொன்றில் தபால்காரர் நர்ஸைத் துரத்துவார். இரண்டையும் மேஜையில் வைத்து, "நர்ஸ் தபால்காரரைத் துரத்துறாங்க. எந்தப் படம்?" என்றாள். மைக்கக்கா சரியாகத் தொட்டாள்.

"சூப்பர். இப்போ, நர்ஸைத் தபால்காரர் துரத்துறாரு."

மைக்கக்கா அதே படத்தைத் தொட்டாள்.

"இது இல்லம்மா."

"நர்ஸ்... முதல்!" என்றாள் மைக்கக்கா. "நீ... நர்ஸ்... முதல்!"

"நர்ஸ்னு முதல்ல சொன்னேன்தான். ஆனா நர்ஸ் இல்ல, நர்ஸை. அந்த 'ஐ' காதுல விழுந்துச்சா?"

விழுந்தது. கல்லில் நீர் பட்டதுபோல விழுந்து ஓடியும் போய்விட்டது. அது அங்கே என்ன வேலை செய்கிறது என்றுதான் அவளுக்குப் பிடிபடவில்லை. இத்தனூண்டு சத்தம் ஓடுகிறவரைத் துரத்துகிறவராக மாற்றிவிடுமா? இந்தப் பெண் ஏதோ தில்லுமுல்லு செய்கிறாள் என்று சந்தேகப்பட்டு அட்டையைத் திருப்பி முதுகுப் பக்கம் பார்த்தாள். அங்கே ஒன்றுமில்லை. அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

மூலையில் உட்கார்ந்து கவனித்த மெக்கானிக்குக்கும் தலை சுற்றியது. ஐம்பத்தெட்டு வருஷமாக யோசிக்காமல் போட்டுக்கொண்டிருந்த 'ஐ'யை இப்போது ஒவ்வொரு தடவையும் நின்று பார்க்க வேண்டியதாயிற்று. வேலை இடத்தில், "மோட்டார் வடத்தை இழுக்குதா, வடம் மோட்டாரை இழுக்குதா" என்று முணுமுணுத்தவரை ஃபோர்மேன் ஏற இறங்கப் பார்த்தார். "ரெண்டு நாள் லீவு எடுத்துக்கங்க அண்ணே" என்றார்.

மூன்றாவது மாதம், மருத்துவ விடுப்புப் படிவத்தில் கையெழுத்துப் போட அவளே நேரில் பேருந்து நிலையத்துக்கு வரவேண்டியிருந்தது. டைம் கீப்பர் ஓடிவந்து நாற்காலி போட்டார், டீ வரவழைத்தார். கோப்பையை இடது கையால் வாய்வரை கொண்டுபோனபோது தலைக்கு மேலே அவள் குரலே கேட்டது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கம்பெனி ஆட்கள் அவளை மூடிய அறையில் உட்காரவைத்துத் துண்டு துண்டாகப் பேசவைத்துப் பதிவு செய்துகொண்டு போயிருந்தார்கள். ஒன்றாம், இரண்டாம், எண் பேருந்து, நடைமேடைக்கு, நடைமேடையிலிருந்து என்று அரை நாள் பேசியிருந்தாள். கம்ப்யூட்டர் சேர்த்துக்கொள்ளும் என்றார்கள். அந்தக் கம்ப்யூட்டர் பெட்டி இத்தனை நாள் சும்மா கிடந்தது, அவள் விழுந்த பிறகுதான் எடுத்து மாட்டினார்கள்.

"ஐந்தாம் எண் பேருந்து மூன்றாம் நடைமேடையிலிருந்து ஏழாம் நடைமேடைக்கு மாற்றப்பட்டுள்ளது."

சுத்தமான உச்சரிப்பு. தன் குரல்தான், மூக்குகூடத் தன் மூக்குதான். மூன்று புரிந்தது, ஏழு புரிந்தது, மாற்றம் புரிந்தது. ஆனால் ஏழிலிருந்து மூன்றுக்கா, மூன்றிலிருந்து ஏழுக்கா? அவள் நிமிர்ந்து பார்த்தாள். குழந்தையை இடுப்பில் வைத்திருந்தவள், பெட்டி இழுத்துப் போகிறவர், பரீட்சைக்குப் படித்துக்கொண்டே நடந்த பெண் என்று எல்லோரும் சொல்லிவைத்தாற்போல ஏழின் பக்கம் திரும்பி நடந்தார்கள். ஒருவர்கூடத் தயங்கவில்லை.

"எப்படி?" என்று டைம் கீப்பரைக் கேட்டாள்.

"எது எப்படிக்கா?"

அவள் கூட்டத்தைக் காட்டினாள், மேலே ஒலிபெருக்கியைக் காட்டினாள், தன் தொண்டையைக் காட்டினாள். "எப்படி... அவங்க... எப்படி?"

"ஆமாக்கா, உங்க குரல்தான், நல்லாத்தான் இருக்கு" என்று அவர் தட்டிக்கொடுத்தார். அதற்கு மேல் கேட்க அவளிடம் சரக்கில்லை. டீ ஆறிப்போயிற்று.

இப்படி இருக்கும்போதுதான் அந்தப் போன் வந்தது. அவளுடைய தம்பி தண்ணீர் கேன் போடும் வேன் ஓட்டுகிறவன், நாலு தெரு தள்ளி இருக்கிறான். பிற்பகல் மூன்று மணி இருக்கும். மெக்கானிக் பல்பு வாங்கக் கடைக்குப் போயிருந்தார். தம்பி பெண்டாட்டி மூச்சுவாங்கப் பேசினாள்.

"அண்ணி, அண்ணன் இல்லையா? பயப்படாதீங்க. சைக்கிள்ல வந்த ஒரு வாத்தியாரை உங்க தம்பி வண்டியில இடிச்சுட்டாரு. பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்காரு. நானும் அங்கதான் கிளம்புறேன்."

போன் வைக்கப்பட்டது. வாத்தியார், தம்பி, வண்டி, இடி, ஆஸ்பத்திரி. வாத்தியார்தான் முதலில் வந்தார், அப்படியானால் வாத்தியார் தம்பியை இடித்தாரா? சைக்கிளில் வந்தவரா வேனை இடிப்பார்? அந்தப் பாழாய்ப்போன 'ஐ' எங்காவது இருந்ததா? இருந்திருந்தால் யாரிடம் ஒட்டியிருந்தது? 'பயப்படாதீங்க' என்பது மட்டும் தெளிவாகப் புரிந்தது, அதனாலேயே பயந்துபோய் வாசலுக்கு வந்து நின்றாள்.

மெக்கானிக் படியேறியதுமே சொன்னாள்: "தம்பி... வண்டி... இடி... ஆஸ்பத்திரி."

"என்னது! மாப்ளையை வண்டி இடிச்சுடுச்சா?"

அவள் தலை மேலும் கீழும் ஆடியது, பக்கவாட்டிலும் ஆடியது. 'தெரியவில்லை' என்ற சொல் எங்கோ போய் ஒளிந்துகொண்டது. அவர் மச்சினனுக்குப் போன் போட்டார், அணைந்து கிடந்தது. அவன் பெண்டாட்டிக்குப் போட்டார், பஸ் நெரிசலில் அவள் எடுக்கவில்லை. மகளுக்குச் சொன்னார். மகள் அழுதுகொண்டே கைக்குழந்தையோடு பஸ் ஏறினாள். தன் அண்ணனுக்குச் சொன்னார், ஃபோர்மேனுக்குச் சொன்னார். பிறகு பெரியாஸ்பத்திரிக்கு ஓடி, அடிபட்டு வந்தவர்கள் பட்டியலில் மச்சினன் பெயரை மேலிருந்து கீழாக நாலு தரம் தேடினார். கூட்டத்தில் தெரிந்த முகம் எதுவும் கண்ணில் படவில்லை, பெயர் இல்லாதது நல்லதா கெட்டதா என்று தெரியாமல் திரும்பி வந்தார்.

ஐந்தரை மணிக்கு வீடு நிறைந்து கிடந்தது. அப்போது சட்டைப் பை கிழிந்த கோலத்தில் தம்பி வாசலில் வந்து நின்றான். கழற்றிப் போட்ட செருப்புகளின் கூட்டத்தைப் பார்த்தான், மகளின் வீங்கிய கண்ணைப் பார்த்தான்.

"ஐயோ, அக்கா!" என்று அலறிக்கொண்டு உள்ளே பாய்ந்தான். "என் அக்காவுக்கு என்ன ஆச்சு?"

"உங்களுக்கு என்ன ஆச்சு மாமா?" என்று மகள் திருப்பி அலறினாள்.

கொஞ்ச நேரம் யார் யாருக்காக அழுவது என்று புரியாமல் எல்லோரும் அழுதார்கள். பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. வாத்தியாருக்கு முழங்காலில் இரண்டு தையல். அவர் நல்ல மனிதர், பிரேக் பிடிக்காத சைக்கிளில் குறுக்கே வந்தது தன் தப்பு என்று தானே ஒப்புக்கொண்டு போய்விட்டார்.

பயம் தெளிந்ததும் மகளுக்குக் கோபம் வந்தது. "ஏம்மா, மாமாவை வண்டி இடிச்சுடுச்சுன்னு சொல்லி உசிரை வாங்கிட்டியே!"

மைக்கக்கா முகம் சிவந்தது. எழுந்து மேஜையில் இருந்த இரண்டு டம்ளர்களை இழுத்தாள். ஒன்றைத் தொட்டு "தம்பி" என்றாள். மற்றதைத் தொட்டு "வாத்தி" என்றாள். முதல் டம்ளரால் இரண்டாவதை இடித்தாள். பிறகு இரண்டாவதால் முதலாவதை இடித்தாள். இடது கையை விரித்து எல்லோர் முகத்தையும் பார்த்தாள்.

முதலில் புரிந்துகொண்டவர் மெக்கானிக்தான். "அவ அப்படிச் சொல்லலம்மா" என்றார் மகளிடம். "நாலு வார்த்தைதான் சொன்னா. எது எதை இடிச்சதுன்னு அவளுக்கே தெரியல. 'மாப்ளையை'ன்னு நான்தான் ஒட்டிக்கிட்டேன்." தம்பி அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து, டம்ளர்களைத் தானும் ஒருமுறை சரியான திசையில் இடித்துக் காட்டினான். அவள் அதை உற்றுப் பார்த்து, "வாத்தி... பாவம்" என்றாள்.

அந்த நாளுக்குப் பிறகு வீட்டில் டம்ளர், தீப்பெட்டி, பேனா என்று எதையாவது நகர்த்தி நகர்த்தித்தான் செய்தி சொன்னார்கள். பயிற்சிப் பெண்ணிடம் மெக்கானிக் இதைச் சொன்னபோது, அவள் அட்டைகளை ஒதுக்கிவிட்டு இரண்டே இரண்டு சொற்களை ஒரு மாதம் பழக்கினாள்: "யாரு? யாரை?" யாராவது வேகமாகப் பேசினால் மைக்கக்கா கையை உயர்த்தி அதைக் கேட்பாள். பேசுகிறவர் நின்று, பிரித்துச் சொல்வார். ஒருமுறை மகள் தன் ஆபீஸில் யாரோ யாரைப் பற்றியோ யாரிடமோ போட்டுக்கொடுத்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அம்மா நடுவில் நிறுத்தி "யாரு? யாரை?" என்றாள். மகள் யோசித்துவிட்டு, "இரும்மா, எனக்கே இப்பக் குழம்பிடுச்சு" என்றாள். அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள்.

அவள் வேலைக்குத் திரும்பவில்லை, ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டாள். ஆறாவது மாதம் ஒரு காலையில் 'க்கு' வந்தது. "கடைக்கு" என்று சொல்லிவிட்டு, தானே திடுக்கிட்டு, ஏழெட்டு முறை சொல்லிப் பார்த்தாள். 'இலிருந்து' அரைகுறையாக வருகிறது. 'ஐ' மட்டும் வரும், போகும், அதை நம்ப முடியாது.

போன ஞாயிற்றுக்கிழமை ரேடியோவில் கால்பந்துச் செய்தி வாசித்தார்கள். நீலச் சட்டைக்காரர்களும் பச்சைச் சட்டைக்காரர்களும் மோதிய இறுதிப் போட்டி அது, ஒரு அணி இன்னொரு அணியை வீழ்த்திவிட்டது என்றார்கள். எது எதை என்று அவளுக்குப் பிடிபடவில்லை. நாற்காலியில் சாய்ந்திருந்த கணவரை உலுக்கி, "யாரு? யாரை?" என்றாள். அவர் தூக்கத்தில், "ஆமாமா" என்றார். காலையில் பேப்பர் வரட்டும், கோப்பையைத் தூக்கிக்கொண்டு நிற்பது எந்தச் சட்டை என்று படத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று ரேடியோவை அணைத்தாள்.